கைதட்டியது போதும், கட்டுரை தாருங்கள்!

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பார்கள். தேரோட்டத்தன்று வீதியின் இருமருங்கிலும் நின்று கைகூப்புகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வடத்தில் கை வைக்க ஆளில்லை என்றால் தேர் நிலையைவிட்டு ஓரடியும் அசையாது. எங்கள் கையெழுத்து இதழின் நிலை இந்த ஆண்டு ஏறத்தாழ அப்படித்தான் ஆகிவிட்டது. பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர். வடம் பிடித்தவர்கள் மிகச் சிலர். அதைப் பற்றி மனம் விட்டுப் பேசவே, பள்ளி ஆண்டு மலரில் எங்களுக்குக் கிடைத்த இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

எங்கள் இதழ் எதைப் பற்றியது என்று அறியாத பெற்றோர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். மதிய உணவு முடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் மரத்தடியில் வட்டமாக அமர்வோம். ஒருத்தி கதை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். “நீங்கள் ஆரணியாற்றங்கரையில் நிற்கிறீர்கள். வெள்ளம் வந்து பாலம் உடைந்துவிட்டது. மருத்துவர் அக்கரையில் இருக்கிறார். உங்கள் வண்டியில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. என்ன செய்வீர்கள்?” என்று கதை நடத்துபவள் கேட்பாள். “படகு தேடுவேன்” என்பாள் ஒருத்தி. “முதலில் குழந்தைக்கு ஈரத்துணி போடுவேன்” என்பாள் இன்னொருத்தி. படகு கிடைத்ததா இல்லையா என்பதைப் பாட்டி வீட்டுத் தாயக்கட்டை சொல்லும். கதை அங்கிருந்து மேலே போகும். இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கதை விளையாட்டு எங்கள் கண்டுபிடிப்பன்று. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் இதற்கு விதிகள் எழுதி வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள்தான். இன்று உலகெங்கும் ஆடுகிறார்கள். அவர்கள் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுகிறார்கள். நமக்கு அது எதற்கு? தாயமும் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் தராத திருப்பமா? பரமபதப் படத்தில் ஏணியில் ஏறிப் பாம்பில் இறங்கி வளர்ந்த நமக்கு, ஒரு கட்டை உருண்டு நின்றால் ஒருவர் கதையே மாறிவிடும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பகடை என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பாண்டவர் நாடிழந்த கதை நினைவுக்கு வருவது இயற்கைதானே! நம் ஆண்டவரின் அங்கிக்காகப் போர்வீரர்கள் சீட்டுப் போட்டதையும் அருட்சகோதரி ஒருவர் எங்களுக்கு நினைவூட்டினார். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்களும் சீட்டுப் போட்டார்கள் என்று நாங்கள் பணிவோடு சொன்னோம். சகோதரி சிரித்துவிட்டார். எங்கள் ஆட்டத்தில் பணயம் இல்லை, காசு இல்லை. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் டிசம்பருக்குப் பின் ஆடுவதில்லை என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். அந்த விதியை இதுவரை ஒருவரும் மீறவில்லை.

விளையாட்டு வளர வளர, ஒரு வட்டத்தில் பிறந்த நல்ல கதையை அடுத்த வட்டத்துக்குக் கொண்டுபோக வழி தேவைப்பட்டது. அப்படித்தான் இதழ் பிறந்தது. நாற்பது பக்கம். கையெழுத்து அழகாக உள்ள மூவர் எழுதுவார்கள். இருபது பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்து, ஊசியும் நூலும் கொண்டு தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலுறையாகப் போடுவோம். புதிய பாத்திரங்கள், ஊர் வரைபடங்கள், கதைத் தொடக்கங்கள், புது விதிகள், ஆடி முடித்த கதையின் வரலாறு எல்லாம் அதில் வரும். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளை ஒட்டித்தான் எழுத வேண்டும்.

இந்த ஆண்டு முதல் இதழின் பொருள் ‘ஏரி’. நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? சென்னையின் தாகம் தீர்க்கும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. நம் பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்த நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. கிழக்கே போனால் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. எங்களில் பலர் ஏதாவது ஓர் ஏரிக்கரை வழியாகத்தான் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம். எனவே கட்டுரைகள் வந்து குவியும் என்று எண்ணினோம்.

மூன்று வாரத்தில் பதினான்கு வந்தன. அவற்றில் ஒன்பது, ‘முன்னுரை’ என்று தொடங்கி ‘முடிவுரை’ என்று முடிந்தன. நடுவில் ஏரியின் பயன்கள், ஏரியைக் காக்கும் வழிகள். ஐந்தில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தது. ஐவரும் ஒரே கைபேசியிடம் கேட்டிருக்கிறார்கள் போலும்! ஒன்றின் முடிவில் “வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” என்ற வரியும் சேர்ந்தே வந்திருந்தது. எழுதியவர் ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவில்லை. கைபேசி மட்டும் மரியாதையாக விடைபெற்றிருக்கிறது.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரும் சோம்பேறிகள் அல்லர். கட்டுரை என்றால் மதிப்பெண்ணுக்கு எழுதுவது என்றே நமக்குப் பழகிவிட்டது. நமக்குத் தெரிந்ததை எழுதினால் யார் மதிப்பார்கள் என்ற அச்சம் உள்ளே இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதே அறிவு, நம் வீட்டில் இருப்பது வெறும் பிழைப்பு என்று எண்ணிவிடுகிறோம். எங்கள் இதழுக்குக் கட்டுரை வராத காரணம் இதுதான் என்று நாங்கள் நம்புகிறோம். இது ஓர் இதழை மட்டும் கெடுக்கும் நோயன்று.

அந்தப் பதினான்கில் ஒன்று மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. முன்னுரை இல்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதியது. வகுப்பில் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. அவள் எழுதியிருந்தது ‘பாடு’ முறையைப் பற்றி. பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான் உண்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதை ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வலுத்தவன் எடுத்துக்கொள், இளைத்தவன் ஒதுங்கிப்போ என்பது அங்கே இல்லை. தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு இது.

அதை அவள் ஒரு கதைத் தொடக்கமாக மாற்றியிருந்தாள். ஆடுகிறவர்கள் நான்கு குடும்பத்தார். தாயக்கட்டையை உருட்டி இடம் பிரித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு விழுந்தவருக்கு முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடம். பிறகு ஒரே ஒரு கேள்வி: “நல்ல இடம் கிடைத்த வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல். இன்று போகாவிட்டால் முறை தவறிவிடும். மற்ற மூன்று வீட்டாரும் என்ன செய்வார்கள்?” இத்துடன் கட்டுரை முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வி எங்கள் பள்ளியில் ஒரு வாரம் ஓடியது. “அவர்களுக்காக நாம் வலை கட்டி, கிடைத்ததில் பாதியைக் கொடுப்போம்” என்றது ஒரு வட்டம். “பாதி எதற்கு? முழுவதும் கொடுக்க வேண்டும். நாளைக்கு நமக்கும் காய்ச்சல் வரும்” என்றது இன்னொரு வட்டம். “முறை என்றால் முறைதான். ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு எல்லாரும் காய்ச்சல் என்பார்கள்” என்றாள் பதினோராம் வகுப்பு அக்கா ஒருத்தி. அவளை எதிர்த்துப் பேச ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூட எழுந்து நின்றார்கள். சமூக அறிவியல் ஆசிரியை இதழை வாங்கிப்போய் வகுப்பிலேயே ஆட வைத்தார். எழுதியவளைத் தேடிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முகத்துவாரம் மண் மூடினால் என்னாகும், இறால் எந்தக் காலத்தில் மிகுதி என்றெல்லாம் கேட்டார்கள். அவளும் பதில் சொன்னாள். ஆண்டு முழுதும் வாய் திறவாதிருந்தவள் பேசியது சத்தமாகவே இருந்தது.

எங்கள் கருத்தை இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலாவது, இதழுக்கு ஒரு பொருள் குறிப்பது எழுதுகிறவரின் கையைக் கட்டுவதற்காக என்று சிலர் குறைப்படுகிறார்கள். கிணறு வெட்டுகிறவர் ஊர் முழுவதையும் தோண்டுவதில்லை. ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே ஆழமாகப் போகிறார். ‘எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது’ என்றால் நாம் எல்லாரும் எழுதக்கூடியதையே எழுதுவோம். ‘ஏரியைப் பற்றி எழுது’ என்றால், உன் ஏரி எது, அதன் கரையில் நீ எதைப் பார்த்தாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. பொருள் குறுகக் குறுக, அவரவர் வீடும் தெருவும் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரே பொருளைப் பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து தொடும்போதுதான் இதழ் ஒரு முழுமை பெறுகிறது.

இரண்டாவது, எங்கள் இதழில் வரும் எழுத்துக்கு ஒரு சோதனை உண்டு. எழுதியவள் பக்கத்தில் இல்லாமலே, வேறு வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ஆட முடிகிறதா? சமையல் குறிப்பு எழுதிய பாட்டி நம்மோடு அடுப்படியில் நிற்பதில்லை. குறிப்பு சரியாக இருந்தால் குழம்பு கூடிவரும். உப்பு எவ்வளவு என்று எழுத மறந்தால் எவ்வளவு அழகான எழுத்தாலும் பயனில்லை. அதுபோலவே, கதை எங்கே நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், என்ன இக்கட்டு, கட்டை எதைத் தீர்மானிக்கிறது என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். முடிவை மட்டும் எழுதக் கூடாது. அது ஆடுகிறவர்களுக்கு உரியது. “ஆகவே ஏரிகளைக் காப்போம்” என்று நாமே முடித்துவிட்டால் மற்றவர்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது? எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒரு கேள்வியோடு நிறுத்தினாள். அதனால்தான் பள்ளியே பேசியது.

படிப்பவர்களே எழுதி நடத்தும் இதழ் என்பது புதுமையன்று, சிறுபிள்ளைத்தனமும் அன்று. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவர் 1826-ஆம் ஆண்டு தம் மகனுக்கு ஒரு பெட்டி மரப்போர்வீரர் பொம்மைகள் வாங்கி வந்தார். அவனும் சகோதரிகள் மூவரும் ஆளுக்கொரு பொம்மையை எடுத்துப் பெயரிட்டார்கள். அவற்றுக்கென ஒரு கற்பனை நாட்டையே கட்டினார்கள். 1829-இல் அந்தப் பொம்மைகள் படிப்பதற்கென்றே தீப்பெட்டி அளவில் ஓர் இதழ் நடத்தினார்கள். அண்ணன்தான் தொடங்கி வைத்தான் என்று எண்ண வேண்டாம். தம்பி தொடங்கினான், அந்த ஆண்டே அக்காள் பொறுப்பேற்றாள். அந்த அக்காளுக்கு அப்போது வயது 13. அவள் பெயர் சார்லட் பிராண்டி. ‘ஜேன் அயர்’ நாவலை 1847-இல் உலகுக்குத் தந்தவர். தங்கையர் எமிலியும் ஆனும்கூட நாவலாசிரியர்களானார்கள். பொம்மையும் கதையும் துண்டுக் காகிதமும்தான் அவர்களுக்குப் பயிற்சிக்களம்.

கதை விளையாட்டுக்கென்றே 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லீ கோல்ட் என்னும் பெண்மணி ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். ஆடுகிறவர்கள் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்புவார்கள். அவர் அவற்றைச் சேர்த்துக் கட்டி எல்லாருக்கும் அனுப்புவார். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இதழ் நடந்தது. அதற்குக் காரணம் பெரிய முதலீடு அன்று. மாதந்தோறும் எழுதி அனுப்பிய கைகள்தான்.

நம்மிடம் மட்டும் குறைவா? பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாத வை.மு. கோதைநாயகி அம்மாள் தம் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதித் தந்தார். அவரே பின்னர் ‘ஜகன்மோகினி’ இதழின் ஆசிரியராகி ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதை நடத்தினார். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழைத் தாமே சுமந்து சென்று விற்றார். அந்தச் சிற்றிதழில்தான் புதுக்கவிதை வேர் பிடித்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ வாங்கிப் படித்தவர். இப்போது கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார். அந்த இதழை 1966-இல் தொடங்கி நடத்திய டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்தவர். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தே விற்றார் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். இவர்கள் யாரும் ‘நமக்கு எழுதத் தகுதி உண்டா’ என்று காத்துக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘சந்தை’ என்ற பொருளில் இரண்டு பக்கம் எழுதித் தந்தாள். பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். ‘ஏன் திருப்பினோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘இது நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரியைக்கூடக் காட்டவில்லை. அவள் அதன் பிறகு எழுதவே இல்லை. கேட்டால் “எனக்கு வராதுக்கா” என்கிறாள். அவளுக்கு வராது என்று அவளை நம்ப வைத்தது நாங்கள். பாடு பற்றிய கட்டுரையிலும் பிழைகள் இருந்தன. அன்று எழுதியவளை அருகில் உட்காரவைத்துச் சேர்ந்தே திருத்தினோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் கற்றுக்கொள்ள ஓராண்டு பிடித்தது. ஆசிரியர் குழு என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் வேலை என்று எண்ணியிருந்தோம். உள்ளே அழைத்து உட்காரச் சொல்வதும் அதன் வேலைதான். அந்த எட்டாம் வகுப்புத் தங்கையிடம் இந்த மலர் வாயிலாக மன்னிப்புக் கேட்கிறோம். அவளுடைய இரண்டு பக்கங்கள் எங்களிடம் நகலாக இருக்கின்றன. அவள் இசைந்தால் அடுத்த இதழில் அவையே முதல் பக்கங்கள்.

அடுத்த இதழின் பொருள் ‘இரவுப் பணி’. சிப்காட் தொழிற்சாலைகளில் சி ஷிப்டுக்குப் போகும் அம்மாக்களும் அப்பாக்களும் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். இரவில் ஏரிக்குப் போகிறவர்கள், ரயில்வேயில் இருப்பவர்கள், மருத்துவமனையில் விழித்திருக்கும் செவிலியர்கள், விடுதியில் காய்ச்சல்காரப் பிள்ளையின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் அருட்சகோதரிகள் என்று எத்தனை பேர்! நாம் தூங்கும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? அம்மா இரவு பையில் என்ன எடுத்துப்போகிறார்? கம்பெனிப் பேருந்து வராவிட்டால் என்ன செய்வார்? மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன பேசுவார்? இதைக் கைபேசியிடம் கேட்டால் தெரியாது. அம்மாவிடம் கேட்க வேண்டும்.

கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். பெயரும் வகுப்பும் மறவாதீர்கள். வீட்டில் கேட்டதை எழுதும்போது, அவர்களிடம் படித்துக்காட்டி அவர்கள் இசைவு பெற்ற பிறகே கொடுங்கள். வீட்டுத் துயரத்தை விளையாட்டாக்கிவிடக் கூடாது அல்லவா? பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மகள் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், “போய்ப் படி” என்று ஒரு நாளைக்கு மட்டும் சொல்லாதீர்கள். அவள் படிக்கத்தான் வந்திருக்கிறாள்.

எங்கள் குழுவில் எழுவர் இந்த ஆண்டோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பள்ளியைவிட்டுப் போகிறோம். கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. தைக்கும் ஊசியும் நூல்கண்டும் தாயக்கட்டையும் நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. இதழைப் பார்த்து ‘அருமை’ என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. இனி அந்தச் சொல்லை நாங்கள் ஏற்பதாக இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். வடம் தரையில் கிடக்கிறது, தங்கைகளே. குனிந்து எடுங்கள்.